வெல்மா விலை சொன்ன ரிவால்வர்

வெல்மா ஓஸ்கார்டுக்கு மொன்டானாவின் எங்கள் ஊரில் முடி வெட்டுவது தொழில். பழைய கைத்துப்பாக்கிகளுக்கு விலை சொல்வது பைத்தியம். இரண்டையும் அவள் ஒரே கடையில்தான் செய்துவந்தாள். ஷாம்பு பாட்டில்களுக்குக் கீழே இருந்த இழுப்பறையில் பூதக்கண்ணாடியும் அளவுகோலும் கிடக்கும்.

அந்தப் பைத்தியம் அவளுக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். முதல் கணவன் ஒரு பாடகியோடு நெவாடாவுக்கு ஓடிப்போனபோது, ஒரு பெட்டி நிறையப் பழைய கைத்துப்பாக்கிகளை விட்டுப்போனான். விற்கலாம் என்று துப்பாக்கிக் கண்காட்சிக்கு எடுத்துப்போனாள். அங்கே மேஜை போட்டிருந்த வியாபாரிகள் ஆளுக்கொரு விலை சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வெல்மா பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு வருஷம் நூலகத்தையும் கண்காட்சிகளையும் சுற்றி, எது அசல், எது பிற்பாடு பூசிய மேல்பூச்சு என்று கற்றுக்கொண்ட பிறகுதான் விற்றாள். அந்தப் பணத்தில் வந்ததுதான் கடை. "அவன் விட்டுட்டுப் போனதிலேயே அசல் சரக்கு அந்தப் பெட்டி மட்டும்தான். அவனே மேல்பூச்சு கேஸு" என்பாள்.

அப்படியிருந்தும் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் மதிப்பீட்டு மேஜைக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. காபி ஊற்றக் கூப்பிடுவார்கள். போய் ஊற்றிவிட்டு வருவாள்.

கன்றுகள் பிறக்கும் மார்ச் மாதம் அது. நான் மருத்துவமனையில் நர்ஸ். அன்று லீவு, வெல்மாவின் நாற்காலியில் தலை முழுக்கச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அடித்தது. அவள் கையெல்லாம் சாயம் என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். பேசியது ஹார்லன் டீட்ஸ். ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்.

"வெல்மா, நாளைக்குக் கிளீட் வர்றான். அவனோட கோல்ட் கம்பெனி பிஸ்டலை நான் வாங்கிக்கிறேன், எங்க தாத்தாவோட ரிவால்வரை அவனுக்குக் கொடுக்கறேன். நீ வந்து ரெண்டும் சரிக்குச் சரியான்னு பார்த்துச் சொல்லிடு. அப்புறம் பேச்சு வரக்கூடாது."

கிளீட் ரான்ஸ்டாடும் ஹார்லனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து நண்பர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே கிளீடுக்கு அந்த ரிவால்வர்மேல் கண்.

"எந்த ரிவால்வர்? நான் பார்த்ததே இல்லையே" என்றாள் வெல்மா.

"எப்படிப் பார்த்திருப்பே? கிரீஸ் டப்பாவுக்குள்ள கிடந்துச்சு. நடுவுல மடங்கித் திறக்கும். அடியில யு.எஸ்.னு இருக்கு. பார்க்கச் சகிக்கல, ஒரே கறுப்பு. கம்பி பிரஷ் வாங்கி வச்சிருக்கேன், டிரில்லுல மாட்டி ஒரு பிடி பிடிச்சா கண்ணாடி மாதிரி..."

"ஹார்லன்! தொடாதே! கையை எடு!"

"என்னது? கொட்டகையில சிக்னல் இல்ல..." லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தோம். எடுக்கவில்லை.

"நர்ஸம்மா, எழுந்திரு" என்றாள் வெல்மா.

"என் தலை?"

"தலை நாளைக்கும் இருக்கும். தேச்சு அந்த அசல் நிறம் போச்சுன்னா திரும்ப வராது, விலையும் வராது."

தோளில் பிளாஸ்டிக் துணியோடு அவளுடைய பிக்கப்பில் ஏறினேன். வழியெல்லாம் பனி உருகிய சேறு. வண்டி பக்கவாட்டில் வழுக்கியபோதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெல்மா ஒன்றுதான் சொல்லிக்கொண்டே வந்தாள்: "மடங்கித் திறக்குதாம். யு.எஸ். இருக்காம். குழலை மட்டும் யாரும் வெட்டியிருக்கக்கூடாது."

வண்டியை விட்டு இறங்கும்போதே கொட்டகைக்குள் டிரில் சத்தம். வெல்மா ஓடினாள். ஹார்லனைக் கூப்பிடக்கூட இல்லை. சுவரில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். முதலில் அவள் கையில் பிடுங்கிய ஒயர், அப்புறம் ஊதா நிறத்தில் சாயம் வழியும் என் முகம். "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. நீ எவ்வளவு தேச்சேங்கறதைப் பொறுத்து."

நல்லவேளை, கைப்பிடியின் ஒரு திருகைத்தான் தேய்த்திருந்தார். அது மட்டும் வெள்ளிக்காசாக மின்னியது. வெல்மா ரிவால்வரை மடக்கித் திறந்து, குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள். பிறகு மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டு, காய்ந்த கிரீஸை ஒற்றி ஒற்றி எடுத்தாள். கறுப்பு என்று ஹார்லன் சொன்னது அத்தனையும் அந்தக் கிரீஸ்தான். அடியில் மழைமேகம்போல ஆழமான நீலம். தொழிற்சாலையில் பூசிய நீலம், ஏறக்குறைய முழுசாக.

வெல்மா அங்கிருந்த வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஹார்லன், இதை நாளைக்கு வரைக்கும் யாரும் மூச்சுவிட்டுக்கூடத் தொடக்கூடாது."

மறுநாள் ஹார்லனின் சமையலறை ஜன்னலோரம் இரண்டும் வெள்ளைத் துண்டின்மேல் கிடந்தன. அடுப்பில் சில்லி, மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட குழம்பு, கொதித்தது. பக்கத்தில் சினமன் ரோல். சாயம் நேரம் மீறி ஊறித் தலை ஊதாவாகிவிட்டதால், நான் கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே போய் உட்கார்ந்தேன்.

கிளீட் விடவில்லை. "நர்ஸம்மா, கத்திரிக்காய் சீசன் தொடங்கிருச்சா?"

"உன் வழுக்கைக்கு இந்த யோகமும் கிடையாது" என்றாள் வெல்மா, பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிளீடின் கோல்ட் முதல் உலகப்போர் காலத்தது. அசல்தான், கொஞ்சம் தேய்மானம். மூவாயிரம் டாலர் என்றாள். கிளீட் தலையாட்டினார், அவர் நினைத்ததும் அதுதான்.

ரிவால்வரைப் பார்க்க நெடுநேரம் எடுத்தாள். குழல் முழு நீளம். ஒவ்வொரு பாகத்திலும் ஒரே எண். எழுத்துகளின் ஓரம் மழுங்கவில்லை. மரக் கைப்பிடியில் ராணுவச் சோதனையாளரின் முத்திரை விரல்நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கூர்மை.

"ஸ்மித் அண்ட் வெஸன், ஸ்கோஃபீல்ட். குதிரைப்படைக்குச் செஞ்சது. பெரும்பாலானதைக் குழலை வெட்டிப் பளபளன்னு நிக்கல் பூசிட்டாங்க. இதை யாருமே தொடல. பதினெட்டாயிரம். அந்தத் திருகுக்காகக் குறைச்சுத்தான் சொல்றேன்."

 கிளீடின் முகம் சுருங்கிப்போனது. எழுந்து தொப்பியை எடுத்தார். "அப்ப இந்த மாத்திக்கறதெல்லாம் வேண்டாம். ஹார்லன், நான் உன்னை ஏமாத்தப் பார்த்தேன்னு நினைச்சிராதேடா."

"உட்காருடா மடையா. நீ கேக்கலைன்னா நான் இதை டப்பாவை விட்டே எடுத்திருக்க மாட்டேன். நேத்து அதைக் கொலையே பண்ணப் போனேன்."

"இருந்தாலும் என்கிட்ட அவ்வளவு இல்லடா."

"உன்கிட்ட என்ன இருக்குன்னு நான் சொல்லட்டுமா?" என்றாள் வெல்மா. "ஹார்லன் கிணறு மூணு வருஷமா ஆகஸ்ட்ல வத்துது. மாட்டுக்கு வண்டியில தண்ணி கொண்டுவர்றான். உன் ஆத்தங்கரைப் புல்வெளி சும்மா கிடக்கு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை வருஷ நட்பில் ஒருவர் கேட்கக் கூச்சப்பட்டதும், மற்றவருக்குத் தோன்றாமல் போனதும் அதுதான்.

அதன்பிறகு அங்கே நடந்த பேரத்தைப்போல நான் பார்த்ததில்லை. கிளீட் கூட்டிக்கொண்டே போகிறார், ஹார்லன் குறைத்துக்கொண்டே வருகிறார்.

"பத்து கோடைக்குப் புல்வெளி!"

"அஞ்சு போதும்டா!"

"அந்தச் செவலைக் குதிரையும் எடுத்துக்கோ!"

"அது கடிக்கும், நீயே வச்சுக்கோ!"

கடைசியில் வெல்மா மேஜையைத் தட்டினாள். கோல்ட், எட்டு கோடைக்கு ஆற்றங்கரை, கூடவே குதிரை. "கடிக்கறதுக்கும் சேர்த்துத்தான் மதிப்புப் போட்டிருக்கேன்" என்றாள். இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள். ஹார்லனின் கண் கலங்கியிருந்தது. சில்லியின் காரம் என்றார். அந்த வீட்டுச் சில்லியில் காரமே இருக்காது.

ஜூன் மாதக் கண்காட்சியில் அந்த ஸ்கோஃபீல்ட் முதல் பரிசான நீல ரிப்பனை வாங்கியது. வெளியூர்க்காரர்களே அள்ளிப்போகும் அந்த ரிப்பனை எங்கள் ஊர்த் துப்பாக்கி வாங்கியது அதுவே முதல் தடவை. சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில், இதைக் கண்டெடுத்தது யார் என்று கேட்டார். கிளீடும் ஹார்லனும் இரண்டு பக்கமும் பிடித்து, வெல்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மதிப்பீட்டு மேஜையின் நடுவில் வைத்தார்கள். "இறக்குங்கடா, தடியன்களா!" என்று அவள் கத்தியது வாசல்வரை கேட்டது.

சற்று நேரத்தில் அவள் முன்னால் வரிசை கதவைத் தாண்டி, கார்கள் நிற்குமிடம்வரை நீண்டுவிட்டது. எல்லோர் கையிலும் துணியில் சுற்றிய பொட்டலம். வெல்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதலில் நின்றவரைப் பார்த்துக் கேட்டாள்: "தேய்ச்சீங்களா, தேய்க்கலையா? உண்மையைச் சொல்லுங்க."