காயில் கட்டின மோட்டார்

எங்களிடம் கார் கிடையாது. ஆனால் அப்பா வேலை பார்த்த மில் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டோடு ஒரு கார் ஷெட் இருந்தது. அதன் மூலையில் அப்பாவின் ஸ்கூட்டர் மட்டும் நிற்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சிங்காநல்லூரில் பிடித்திருந்த வாடகை வீட்டில் இரண்டே அறை. இருபத்தாறு வருடச் சாமானை அங்கே எங்கே அடைப்பது?

"ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் ஷெட்டுல பரப்பி வெச்சு வித்துப்போடலாம்" என்றார் அப்பா. பழைய மானேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அப்படித்தான் செய்தாராம்.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. காரணம் நான்தான்.

பதினோரு நாள் முன்னால்தான் தாராபுரத்திலிருந்து வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "கலந்துட்டுச் சொல்றோமுங்க" என்று போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்கு இருபத்தைந்து வயது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. இந்த நேரத்தில் நாங்கள் அண்டா குண்டாவை விற்பது தெரிந்தால், நொடித்துப் போன குடும்பம் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்பது அம்மாவின் பயம்.

எனக்கும் பயம்தான். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன வெட்கம். பதற்றத்தில் அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். வந்திருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் குடித்துவிட்டு, "காப்பி அருமைங்க" என்றார்கள். மாப்பிள்ளை மட்டும் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சக்கரை இல்லீங்க" என்றார், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராத்திரி நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. பொய் பேசாத ஒரு மனுஷனைப் பார்த்துவிட்டோம் என்று தோன்றியது.

அம்மா அப்படியெல்லாம் மயங்குகிற ஆள் இல்லை. அவளுக்கு அவர்கள்மேலும் சந்தேகம். அதற்கு முன்பே ஒரு தடவை அப்பாவும் அம்மாவும் தாராபுரம் போய் வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், வாசலில் இரண்டு சிமெண்ட் யானை வைத்த மாடி வீடு. உள்ளே பார்த்தால் கூடத்தில் நாலு நாற்காலியைத் தவிர ஒன்றுமில்லையாம். "வெள்ளையடிக்கறமுங்க, சாமானெல்லாம் தோட்டத்து ஊட்டுல கெடக்குது" என்றாராம் பையனின் அம்மா.

"சுண்ணாம்பு வாசனையே இல்லையேங்க" என்று பஸ்ஸில் ஆரம்பித்த அம்மா வீடு வரும்வரை நிறுத்தவில்லை. "சீரும் ஒண்ணும் கேக்கலை. பையனுக்கு என்ன கொறையோ?"

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். "வாரவங்கள்ல ஒருத்தராச்சும் தாராபுரத்துக்காரங்க வேவு பாக்க உட்ட ஆளா இருக்கும். ஏன் விக்கறீங்கன்னு கேட்டா, புது ஊட்டுக்கு எல்லாம் புதுசா வாங்கறோமுங்கன்னு சொல்லு. கிரைண்டரைக் கேட்டா, கம்பெனி காயில்ன்னு சொல்லிப்போடு."

கிரைண்டர் மோட்டார் எங்கள் வீட்டில் இரண்டு தடவை எரிந்து, இரண்டு தடவையும் காயில் கட்டியது, அதாவது கம்பெனி சுற்றிய கம்பியை எடுத்துவிட்டு மெக்கானிக் புதுக் கம்பி சுற்றியது. காயில் கட்டின மோட்டார் என்றால் எங்கள் ஊரில் பாதி விலைக்குத்தான் போகும். தெருவுக்கு நாலு மோட்டார் மெக்கானிக் இருக்கிற ஊர், ஏமாற்றுவதும் லேசில்லை. பேர் வெட்டின பாத்திரங்களை மட்டும் அம்மா விற்க மாட்டேன் என்றுவிட்டாள். அவை தாராபுரம் வரைக்கும் உருண்டு போய்விடுமாம்.

கூட்டம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். ஒவ்வொருவரும் எங்களைச் சந்தேகப்பட்டார்கள், நாங்கள் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டோம். ஒரு அம்மாள் அண்டாவைக் கவிழ்த்து ஈயம் வைத்து அடைத்த இடம் இருக்கிறதா என்று விரலால் தடவினார். எதிர்வீட்டு அக்கா எதுவும் வாங்காமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "ஏன் அம்மணி, எல்லாத்தையும் விக்கறீங்க, ஊட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "உங்க ஊட்டுல பிரச்சனை இல்லீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அந்தம்மா ஷெட் பக்கம் வரவே இல்லை.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, அம்பது வயதிருக்கும். இரும்புக் கட்டிலைப் பார்த்தார், விலை கேட்டார், பேரம் பேசாமல் "ஆகட்டுங்க" என்றார். பீரோவுக்கும் அதே "ஆகட்டுங்க". அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தாள். பேரம் பேசாமல் சாமான் வாங்குகிற மனுஷன் உலகத்தில் உண்டா?

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றாள்.

"இங்கதானுங்க. ஆனா தாராபுரம் பக்கம்தான் அடிக்கடி போவனுங்க."

அவ்வளவுதான். அம்மா என் கையைக் கிள்ளினாள். அடுத்த நிமிடம் அவருக்கு நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது. கட்டிலோடு சேர்த்துப் புதுச் சென்னிமலைப் போர்வை ஒன்றை இனாமாகக் கொடுத்தாள். "எங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லீங்க" என்று வேறு சொன்னாள். அப்பா வாயைத் திறக்கப் போனார், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். காப்பி போட அவள் உள்ளே ஓடியதும் நானும் அந்த ஆளும் கிரைண்டரும்தான் ஷெட்டின் அந்த மூலையில் மிஞ்சினோம்.

அவர் மோட்டார்மேல் கையை வைத்தார். "காயில் கட்டினதுங்களா?"

"இல்லீங்க, கம்பெனி காயிலுங்க."

அவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க அம்மணி. எனக்கு உக்கடத்துல பழைய சாமான் கடைங்க, இருவது வருசமா இதே பொழப்பு. நேராச் சொன்ன ஆளு ஒருத்தரைத்தான் பாத்திருக்கறேன். போன மாசம் தாராபுரத்துல, பாலத்துக்கிட்ட, வாசல்ல ரெண்டு யானை வெச்ச ஊடு. தோட்டத்துல போர் மேல போர் போட்டும் தண்ணி வரலீங்க, பாவம், மொத்தச் சாமானையும் எனக்குத்தான் குடுத்தாங்க. ஒரே பையன். கூடமாட நின்னு அவராவே வண்டில ஏத்துனாரு. கிரைண்டர்கிட்ட வந்ததும், நான் கேக்கறதுக்கு முந்தியே, 'இது காயில் கட்டினதுங்க, பாத்து வெல போடுங்க'ன்னாரு."

நொடித்துப் போனதாக அவர்கள் நினைத்துவிடுவார்களே என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். அங்கே வீடே துடைத்து வைத்திருந்தது. இத்தனை நாளாக அவர்களுக்கு வாய் வராத காரணமும் புரிந்தது. சர்க்கரை இல்லை என்று சொன்ன குரல்தான் ஞாபகம் வந்தது.

"எங்களுதும் காயில் கட்டினதுதானுங்க" என்றேன். "ரெண்டு தடவை."

அவர் தலையாட்டிவிட்டுக் கிரைண்டருக்குப் பாதி விலை சொன்னார். அம்மா காப்பியோடு வருவதற்குள் அவர் ஆட்கள் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் ஷெட் காலி. அப்பா விற்பனை அமோகம் என்று பூரித்துப் போனார். எனக்குச் சாயங்காலம்தான் புத்தி வேலை செய்தது. அந்த ஆள் போகிற வீட்டிலெல்லாம் இதே கதையைச் சொல்லி, விற்கிறவர்கள் வாயைப் பிடுங்குகிற ஆளாக இருந்தால்? தாராபுரத்தில் யானை வைத்த வீடு ஒன்றுதானா? ஒரு பழைய சாமான் வியாபாரியின் பேச்சை நம்பி ஒருத்தனை யோக்கியன் என்று எழுதி வைத்துக்கொண்டேனே, என்னைப்போல் ஏமாளி உண்டா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அப்பா அம்மாவிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அந்த இடம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அடுத்த வாரம் "சம்மதமுங்க" என்று தகவல் வந்தது. "அந்த ஆளு போய் நல்லவிதமாச் சொல்லியிருக்கறாரு" என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறாள். அந்தப் போர்வையின் விலை வசூலாகிவிட்டது என்று அவளுக்குத் திருப்தி.

நிச்சயத்திலிருந்து கல்யாணம்வரை நாலு மாதம் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டிருந்தேன். யானைகளைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனதும் என் கண் சமையல்கட்டைத்தான் தேடியது. மேடைக்குப் பக்கத்தில், சிவப்புத் தரையில் நாலு கால் தடம். கிரைண்டர் நின்ற இடம்.

மூன்றாம் நாள், அத்தையும் அவரும் அங்கே இருக்கையில், ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "இங்க கிரைண்டர் இருந்துச்சுங்களா?"

"தோட்டத்து ஊட்டுல இருக்குது கண்ணு" என்றார் அத்தை, அரிசி களைவதை நிறுத்தாமல்.

அவர் அத்தையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இல்லீங்கம்மா, எதுக்கு மறைக்கணும்?" என்றார். "அதை வித்துப்போட்டம். பழசு, காயில் கட்டின மோட்டார். அதையும் சொல்லித்தான் குடுத்தேன்."

அத்தை தலை நிமிரவில்லை. நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எங்களுதும்தானுங்க."