ஸ்டூல் மேல் நின்று எடுத்த படம்

பெரிய கடையொன்றின் கண்காணிப்பு கேமரா அறையில் பதினாறு திரைகளைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். உட்கார்ந்தால் போதும், சனியன் பிடித்த கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அந்த இருப்புக்கொள்ளாமை தாங்காமல்தான், வேலைக்குப் போகிறவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை ஆவணப்பட வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் ஒருவர் வேலை செய்வதைப் படமெடுத்து வரவேண்டும் என்பது முதல் பயிற்சி. மனைவி துணி மடிப்பதை எடுத்துப் போனார். போட்டுப் பார்த்தால், படம் முழுக்க மனைவியின் உச்சந்தலை. வகுப்பே சிரித்தது.

"எங்க நின்னு எடுத்தீங்க?" என்றார் ஆசிரியை.

"மூலையில, ஸ்டூல் மேல. அங்கேருந்துதானே எல்லாம் தெரியும்?"

"எல்லாம் தெரியுது. அவங்களைத்தான் காணோம். இறங்கி வந்து எடுங்க."

கடுகடுவென்று வீட்டுக்கு வந்தார். 'இறங்கணுமாமே!' ஸ்டூலை ஓரமாக உதைத்துத் தள்ளிவிட்டு, துணி மடிக்கும் மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேமராவைத் தூக்கினார். அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து நேராகப் பார்த்தாள்.

"இப்பவாவது என் மூஞ்சி தெரியுதா?"

திரைக்குள் இருக்கிறவர்கள் யாரும் இதுவரை அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தக் கால் அன்றைக்குத்தான் சும்மா இருந்தது.