தென்னைக்குக் கட்டுவதுபோல

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு மேப்பிள் நின்றது. இடுப்புயரத்தில் இரண்டாகப் பிரிந்து, பிரிந்த இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காததுபோல விலகி விலகி வளர்ந்த மரம். ஒரு கிளை என் அறைக் கூரைக்கு மேலே. காற்றடித்தால் கிளை பிரியும் கவட்டில் ஒரு முனகல். வெட்டிவிடலாம் என்றார் அப்பா. எனக்கு ஒன்பது வயது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

காப்பாற்ற வந்தவர் சித்தப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பேஸ்மென்டில் இருந்தவர். இந்த நாட்டில் அவர் தொட்டதெல்லாம் பிழையாய்ப் போய்க்கொண்டிருந்த காலம். ஏணி வைத்து ஏறி, இரண்டு கிளைகளையும் கம்பியால் சுற்றி, இழுத்து முறுக்கினார்.

"தென்னை வீட்டுப் பக்கம் சரிஞ்சால் உப்பிடித்தான் கட்டுறது, அண்ணை."

"மேப்பிளுக்குத் தாலி கட்டியாச்சு. இனி உமக்குப் பொம்பிளை பாக்கத் தேவையில்லை" என்றார் அம்மா.

மூன்று கோடை நன்றாகத்தான் போயின. நான்காவதில், என் கூரைப் பக்கத்துக் கிளையில் இலைகள் ஜூலையிலேயே மஞ்சளித்தன. மரங்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெண்ணொருத்தி வந்து, கயிற்றில் ஏறினாள். தென்னை பருப்பதில்லை. மேப்பிள் வருடாவருடம் பருக்கும். கம்பி பட்டைக்குள் புதைந்து கிளையின் கழுத்தை நெரித்திருந்தது. மேலேயிருந்து அவள் ஆங்கிலத்தில் கேட்டதை, எல்லோருக்கும் விளங்கியும், நான் தமிழில் கத்தினேன்.

"இதை ஆர் கட்டினதாம்?"

சித்தப்பா புல்லைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் அப்பா.

ஒரு சின்னப் பொய்க்கு என்னை முழங்காலில் நிற்கவைக்கிற அப்பா! "இல்லை, சித்தப்பா..." என்று தொடங்கிய என் வாயை அம்மாவின் வெங்காயக் கை பொத்தியது.

அவள் கம்பியை வெட்டி எடுத்தாள். இன்னும் உயரத்தில், ஒவ்வொரு கிளைக்கும் நடுவால் துளையிட்டு, ஆணி செருகி, இரண்டுக்கும் இடையே உருக்கு வடம் பூட்டினாள். துளையிடும் சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டேன். சுற்றி நெரிப்பதைவிட அது மரத்துக்குச் சின்னக் காயமாம். பிழைத்துவிடும்; ஆனால் வசந்தத்துக்கு வசந்தம் யாராவது வடத்தைக் கவனிக்க வேண்டும் என்றாள்.

"உவன் பாத்துக்கொள்ளுவான்" என்று அப்பா சித்தப்பாவைக் காட்டினார்.

"ஓம் அண்ணை." சித்தப்பா நிமிர்ந்து, மரத்தின் உச்சிவரை பார்த்தார்.

பாழாக்கியவரின் கையிலேயே மரத்தைக் கொடுக்கிறார்களே! அந்த வீட்டில் அறிவுள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.