சுக்கான் ஆணி

கல்யாணத்தைவிடக் காற்றின்மேல்தான் அத்தைக்கு அக்கறை என்று அம்மா சொல்வாள். அப்பாவின் ஒரே தங்கை அவள். சுண்ணாம்பாற்றுப் பக்கம், பாய்ப்படகு ஓட்டக் கற்றுத்தரும் ஓரிடத்தில் வேலை பார்த்தாள். அங்கே கேட்பாரற்றுக் கிடந்த பழைய கேட்டமரான் ஒன்றைக் கேட்டு வாங்கி, விரிசல்களை அடைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான இரண்டு மிதவைகள், நடுவே இறுக்கிக் கட்டிய துணி, மேலே ஒரு பாய். மிதவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சுக்கான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எதைக் கண்டாலும் அது எதனால் நகர்கிறது, எதில் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மூலக்குளத்தில் அப்பாவுக்கு லேத் பட்டறை இருந்தது. இந்த வியாதி அங்கிருந்து தொற்றியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை என்னை அழைத்துப்போவாள். ஆற்றுக்குள் மட்டும்தான் என்பது வீட்டில் பேச்சு. அன்று காற்று அருமையாக இருந்ததால் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டோம். பின்னால் இடது சுக்கான் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

“ஏன் அத்தை சத்தம் போடுது?”

“வயசாயிட்டுது. மொனவுது.”

சற்று நேரத்தில் முனகல் நின்றது. திரும்பிப் பார்த்தால் சுக்கான் படகைவிட்டு விலகி, அலையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த ஆணி பாதியில் ஒடிந்திருந்தது. படகு ஒருபக்கமாகத் திரும்பியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

“அத மேல இழுத்துப் புடிச்சிக்க. வுட்டுடாத,” என்றாள் அத்தை. குரலில் பதற்றம் இல்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. நான் குப்புறப் படுத்துச் சுக்கானைக் கட்டிக்கொண்டேன். மிச்சமிருந்த ஒற்றைச் சுக்கானால் அவள் படகை வீராம்பட்டினம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவந்து எங்களை இழுத்தாள். இது கேட்டமரான் என்று அத்தை சொன்னதும், “இதுவா கட்டுமரம்?” என்று சிரித்தாள். எனக்கோ ஒடிந்த ஆணியின்மேல்தான் கண். ஒடிந்த இடத்தில் அது ஏன் அவ்வளவு மெலிந்திருந்தது?

மறுநாள் அத்தை ஆணித்துண்டையும் அது மாட்டும் இரும்பையும் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். “தேஞ்சிபோச்சிண்ணா, ஒண்ணு கடஞ்சி குடு,” என்றாள், கத்தரிக்காய் கேட்பதுபோல.

எனக்குப் பொறுக்கவில்லை. “அது நடுக்கடல்ல ஒடஞ்சிதுப்பா. கரை இத்துனூண்டுதான் தெரிஞ்சிது.”

அப்பா லேத்தை நிறுத்தினார். அத்தை தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாப்பா அப்ப எங்க இருந்தா?”

“சுக்கானப் புடிச்சிகிட்டு இருந்தாண்ணா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஆணியை என் கையில் கொடுத்து நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒடிந்த முனைக்கருகே இடுப்புபோல் ஒடுங்கியிருந்தது.

“தண்ணி தேச்சிடுமாப்பா?”

“தண்ணி இல்ல. ஆட்டந்தான். துளி எடம் கெடச்சா ஆடும். ஆட ஆட அந்த எடம் பெருசாவும்.” இரும்பின் ஓட்டையைக் காட்டினார். வட்டமாக இருந்திருக்க வேண்டியது முட்டை வடிவத்தில் இருந்தது. “ஆணிய மட்டும் மாத்துனா இதுலயும் ஆடும்.”

ஓட்டையைப் பெரிதாக்கி வட்டமாக்கி, உள்ளே நைலானில் ஒரு குழல் கடைந்து இறக்கினார். துருப்பிடிக்காத கம்பியில் ஆணி கடைந்தார். வெர்னியரில் அளந்து, மறுபடி சீவி, மறுபடி அளந்தார். வலது சுக்கானுக்கும் புதிது செய்தார். “அது நல்லாத்தான இருக்குது,” என்றாள் அத்தை. அவர் காதில் வாங்கவில்லை.

அம்மா அந்த வாரம் முழுக்கப் படகை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு, எங்களுக்கு முன்பே வாசலில் வண்டியை எடுத்து நிறுத்தியிருந்தார்.

“நீ எதுக்குண்ணா?”

“ஆணி எப்பிடி நிக்குதுன்னு பாக்கணும்.”

ஆற்றங்கரையில் அத்தை அவருக்கு மிதவைச் சட்டை மாட்டி, வாரை இழுத்து இறுக்கினாள். சோதித்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறை இறுக்கினாள். மூச்சுவிடக்கூட இடமில்லாமல் கட்டுகிறாளே என்று நினைத்தேன். ஆற்றிலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பிவிடப் பார்த்தாள்.

“எங்க ஒடஞ்சிதோ அங்க போ,” என்றார் அப்பா.

போனோம். சுக்கான்கள் சத்தமே போடவில்லை. கடல் பச்சையாகக் கிடந்தது. கரையில் வீராம்பட்டினத்துப் படகுகள் வரிசையாகத் தெரிந்தன. நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. ஒரு கை என் சட்டை வாரைப் பிடித்திருக்க, போகும்போதும் வரும்போதும் அந்த இரண்டு ஆணிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தான் செய்த வேலையை ஒரு மனிதர் இவ்வளவு நேரமா ரசிப்பார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.