மாதக் கடைசியில் மூன்று பங்கு

சம்பளம் வந்த அன்று மாலை நானும் கணவரும் சண்டை பிடிப்பது எங்கள் வீட்டில் ஒரு சின்னத் திருவிழா. குசினிப் படியில் தேநீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காசை மூன்று பங்காகப் பிரிப்போம். ஒன்று வீட்டுக் கடனுக்கு, தவணைக்கு மேலதிகமாகக் கட்டுவது. இன்னொன்று நிலையான வைப்புக்கு. மற்றது கொக்கட்டிச்சோலைப் பக்கம் அவருடைய அக்காவிடமிருந்து சிறுகச் சிறுக வாங்கிக்கொண்டிருந்த வயல் துண்டுக்கு. எந்தப் பங்கு பெரிது என்பதுதான் சண்டை. இப்போது அந்த மாலைகளுக்காக ஏங்குகிறேன்.

எனக்குப் புளியந்தீவில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. அவர் வாவிக்கரையில் தோணி இயந்திரம் திருத்துகிறவர். என் சம்பளம் மாதம் தவறாது. அவருடையது மீன்பாட்டைப் பொறுத்தது. இறால் படும் மாதங்களில் அவர் கொண்டுவரும் நோட்டுகள் மண்ணெண்ணெய் மணக்கும். வங்கியில் காசு வாங்கும் பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டே எண்ணுவாள்.

"மணத்தாலும் காசு காசுதானே தங்கச்சி" என்பார் இவர்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த பழைய வீட்டை இடித்து, வளவின் உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்துப் புது வீடு கட்டியிருந்தோம். மகள் கலியாணம் முடித்தால் அது அவளுக்கு. அதற்குமுன் உறுதி கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"கடனோட வீட்டக் குடுத்தா அது சீதனமில்ல புள்ள, சுமை."

"ஆத்தில போட்டாலும் அளந்து போடணும். நீங்க வங்கியில அளக்காமப் போடுறீங்க. வீட்ட அவளுக்குக் குடுத்திட்டு நாம என்னத்தோட வெளிய இறங்கிற?"

எனக்கு அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. என் கலியாணத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் வளவு மூலையில் கிடுகால் வேய்ந்த குடிலுக்குப் போனார்கள். ஒரு நாள் அம்மா தன் சுளகை எடுக்க வந்தவள், தான் கட்டிய வீட்டின் வாசற்படியிலேயே நின்று, "மகள், உள்ளுக்கு வரட்டா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆரைக் கேக்கிறீங்க? வாங்க" என்றேன். பிறகு யோசித்தபோது நெஞ்சு வலித்தது. கையில் காசில்லாததால்தான் அம்மா அப்படிக் கூனிக் குறுகி நின்றாள் என்று நினைத்தேன். நான் அப்படி நிற்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். என் வைப்புப் பைத்தியம் அங்கே தொடங்கியது.

எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் வைப்பு வட்டி மளமளவென்று ஏறியது. எங்கள் கடனுக்கோ வட்டி மாறாது என்று ஒப்பந்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடனுக்குக் கூடுதலாக ஒரு சதமும் கட்டக்கூடாது, எல்லாம் வைப்புக்கே என்று உத்தரவு போட்டேன்.

"கணக்கு உன்ட பக்கம், நித்திரைதான் என்ட பக்கம் இல்ல" என்றார். சாமான் விலை ஏற ஏற அவருக்கு வாயும் ஏறியது. "வைப்பில கிடக்கிற காசுக்கு முந்தி ஒரு எஞ்சின் வாங்கியிருக்கலாம். இப்ப அதிட மூடிதான் வரும்."

ஆனால் அந்த வருடம் எங்களுக்குச் சோறு போட்டது என் வைப்புமில்லை, அவர் கட்டிய கடனுமில்லை. நாங்கள் இருவரும் பெரிதாக மதிக்காத வயல்துண்டுதான். இருவரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டோம்.

மகளுக்குக் கலியாணம் பேசி வந்தபோது ஒரு வைப்பை நானே முறித்தேன். அவருடைய இறால் காசும் சேர்ந்து கடன் முடிந்தது. உறுதி வீட்டுக்கு வந்த அன்று அவர் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் இருந்த நாட்கள் குறைவு. மிச்ச வைப்பில் ஒரு பகுதியை எடுத்து, அம்மாவின் குடில் இருந்த மூலையில் இரண்டு அறை வீடு எழுப்பினோம். தனிப் படலை, தனி மின்மானி. வயலும் எங்கள் பெயரில் இருக்கிறது. அம்மாவைப் போல நான் வெறுங்கையோடு இறங்கவில்லை என்று எனக்குப் பெருமை.

கலியாணம் முடிந்த பிறகு ஒரு மாலை, விட்டுவந்த தேங்காய்த் திருவலையை எடுக்கப் பெரிய வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. குசினிப் படியிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"எல்லாத்தையும் நகையில போட்டா அவசரத்துக்கு என்ன செய்யிற? கொஞ்சம் வங்கியில கிடக்கட்டும்."

மருமகன் ஏதோ முணுமுணுத்தார். அவள் சிரித்தாள். தட்டில் சில்லறை விழும் சத்தம் கேட்டது.

என் இடுப்பில் என் வீட்டைப் பூட்டிய திறப்பு இருந்தது. வங்கியில் காசு இருந்தது. ஆனாலும் கால் படியைத் தாண்டவில்லை. அம்மாவிடம் இல்லாதது எல்லாம் என்னிடம் இருந்தும், அவள் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"மகள், உள்ளுக்கு வரட்டா?"

"என்னம்மா இது, ஆரைக் கேக்கிறீங்க? வாங்க" என்று உள்ளேயிருந்து சிரித்தாள்.