இரண்டு மணி மாத்திரை

இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் கிடந்து, வீடு திரும்பியவர்களை முதல் ஒரு மாதம் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நர்ஸாக எனக்குக் கிடைத்த முதல் வேலை. எடை ஏறியிருக்கிறதா, கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று தினமும் போனில் கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை நேரில் போக வேண்டும். இதை அம்மாவிடம் விளக்கியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஆளு வராம பாத்துக்கறதுக்கு ஆஸ்பத்திரியே சம்பளம் குடுக்குதா? நல்ல கூத்துடி."

சிரித்தாலும், தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி மகள் நர்ஸ் ஆகிவிட்டதைச் சொன்னாள். கரிக்கலாம்பாக்கம் பக்கம் அடுத்தவர் வயலில் நடவு நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எனக்கும் அந்தப் பெருமை குறைவாக இல்லை.

இப்போது நகரத்தில் ஒரு வார்டில் இருக்கிறேன். குளிரூட்டிய அறை, நேரத்துக்கு ஷிப்ட். ஆனாலும் பாகூர் ஏரிக்கரையில் ஈரக்காற்று முகத்தில் அடிக்க, கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போன அந்தக் காலைகள்தான் நினைவில் நிற்கின்றன. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலி வரும், பிறகு டீ வரும். அதன் பிறகுதான் நோயாளி வருவார்.

அந்த வீடுகளில் ஒன்று ஒரு கீரைக்கார அம்மாவுடையது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர். விடியற்காலை முதல் பஸ்ஸில் கூடையை ஏற்றி, ஒரு சாலை முனையில் மதியம் வரை உட்கார்ந்து விற்பார். முப்பது வருடமாக அதே இடம். நான் எடை பார்க்கும் கருவியைக் கொடுத்தபோது அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"கீரையவே எடை போட்டு வித்ததில்ல நானு. கட்டுக் கணக்குதான். என்னைப் போயி எடை போடச் சொல்றியே!"

ஆனால் போட்டார். மருமகள் அதை எழுதி வைத்தாள். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையைக் காலை ஆறு மணிக்குப் போட வேண்டும் என்று சொல்லி, அதன் அட்டையில் நானே ஒரு சூரியன் வரைந்து கொடுத்தேன். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னேன். மதியம் வரை ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை என்றார். மற்ற நோயாளிகளிடம் அவரை உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது நாள் மூச்சுத் திணறி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். நான்கு நாள் கழித்து அழைத்துப்போகும்போது மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா அட்மிட் ஆனா யாவாரமே வேணாம். வூட்ல கெட." கூடை, சாக்கு, பக்கத்தில் உட்காரும் பூக்காரம்மாவின் வம்பு எல்லாம் கைவிட்டுப் போகப்போகிறது என்ற பயம் அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

ஒரு வாரத்தில் எடை திரும்ப ஏறத் தொடங்கியது. மூன்று நாளில் இரண்டு கிலோ. மருமகளிடம் போனில் கேட்டேன். அழாத குறை.

"நான் கருவாட்டுச் சட்டியவே தூக்கிப் போட்டுட்டேன் மேடம். உப்பில்லாத எங்க வூட்டுக் கொழம்ப வாயில வெக்க முடியல. எம் புள்ளைங்க ரெண்டும் பக்கத்து வூட்ல குந்திகினு சாப்புடுதுங்க. இவரு என்னையே திட்டறாரு."

"மாத்திரை?"

"அட்டை காலியாதான் இருக்குது."

உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, மாத்திரையும் போகிறது. பிறகு எங்கிருந்து நீர் தேங்குகிறது? மறுநாள் காலை ஏழு மணிக்கு நேராகச் சாலை முனைக்கே போய்விட்டேன்.

என்னைப் பார்த்ததும் சாக்கை நகர்த்தி இடம் கொடுத்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பேசும்போது இடையில் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முருங்கைக்கீரைக்குத் தண்ணீர் தெளித்தார். என்ன சாப்பிடுகிறார், யார் என்ன வாங்கித் தருகிறார்கள் என்று பார்த்துவிடுவதாக நானும் உட்கார்ந்துகொண்டேன். பூக்காரம்மா எனக்கு டீ வாங்கித் தந்தார். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் பேச்சுவாக்கில் முடித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. பூக்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "இங்க பாத்ரூம் எங்கக்கா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா பாப்பா கேக்கற?" என்றார் பூக்காரம்மா. "விடியறதுக்கு முன்ன வூட்ல போனா, அப்பறம் வூட்டுக்குப் போயிதான். டீ வாங்கிக் குடுக்கசொல்லோ வேணாம்னு சொல்லியிருக்கணும் நீ."

"படிச்ச பொண்ணு, அடக்கிக்கும்" என்றார் கீரைக்கார அம்மா. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு இருமல் வந்துவிட்டது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது, அவர்கள் சிரித்ததற்காக மட்டும் இல்லை. அந்த மாத்திரையைப் போட்டால் அரை மணியில் தொடங்கி நாலைந்து மணி நேரம் அடிக்கடி போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மணிக்குப் போட்டுவிட்டு இவர் எங்கே போவார்?

"அம்மா, தண்ணி மாத்திரை இன்னிக்குப் போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்க்காமல் ஒரு கட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணிப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், ஒரு வாரத்துக்கானவை.

"தூக்கிப் போடல. வூட்டுக்குப் போயிப் போட்டுக்கலாம்னுதான் எடுத்தாருவேன். ஆனா நீதான காலைலதான் போடணும்னு படம்லாம் போட்டுக் குடுத்த? நேரம் தப்பிப் போட்டா கெடுதல்னு வெச்சிருந்தேன்."

நடவு வயலில் என் அம்மாவும் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல்தான் நின்றிருக்கிறாள். நான் பத்தாவது படிக்கும்போதுதான் எங்கள் வீட்டில் கழிப்பறை வந்தது. எந்தப் பாடமும் சொல்லித்தராமலே எனக்குத் தெரிந்த விஷயம் இது. இருந்தும், காலை நேரம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சூரியனை வரைந்துவிட்டேன். கீழ்ப்படிகிறார் என்று நான் ஊரெல்லாம் பாராட்டிய அந்த வறண்ட தொண்டைக்கும் காரணம், ஒதுங்க இடமில்லாததுதான்.

அங்கிருந்தே மருத்துவரை அழைத்தேன். "மத்தியானம் போட்டாலும் ஒண்ணும் இல்லை, தினமும் போகணும், அவ்வளவுதான்" என்றார். "இன்னிக்கு உடனே வீட்டுக்கு அனுப்பிப் போட வை. மூச்சு கூடினா நேரா இங்க கூட்டி வா. இல்லேன்னா நாளைக்குக் காலைல நான் பாக்கணும்."

மிச்சக் கீரையைப் பூக்காரம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அந்த அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டில் விட்டேன். முதல் காரியமாக அவர்கள் வீட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மகனும் கூட வந்திருந்தார். எடை ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது, ஆனால் அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் அந்த அம்மாவைத் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொன்னார். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் அப்படியே பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மா படுத்தபடியே, நிறுத்தாமல், தண்டுக்கீரைக்கும் அரைக்கீரைக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அட்மிஷன் வேணாம். மாத்திரை தினமும் ரெண்டு மணிக்கு."

மகன் தயங்கிக் கேட்டார், "யாவாரத்துக்கு?"

"இந்த வாரம் ஓய்வு எடுக்கட்டும். அப்பறம் உக்காந்து விக்கலாம். சுமை தூக்கக் கூடாது."

"கூடைய நான் பஸ்ல ஏத்தி வுடறேன்" என்றார் மகன். பிறகு வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, குரல் மட்டும் தணிந்திருந்தது.

அந்த அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு கட்டிலிலிருந்து இறங்கினார். பூக்காரம்மாவுக்குப் போடச் சொல்லி என் போனை வாங்கினார். வார்டுக்கே கேட்கும்படி கத்தினார்:

"ஏய், என் எடத்துல எவளாவது குந்தினா எழுப்பி வுடுடி. அடுத்த வாரம் வர்றேன்!"