ஸ்டாப்வாட்ச் மாமா போட்ட நூறு

என் மாமாவுக்கு ஷூ தொழிற்சாலையில் என்ன வேலை என்று சொன்னால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. அவர் வெட்ட மாட்டார், தைக்க மாட்டார், ஒட்ட மாட்டார். வெட்டுகிறவர், தைக்கிறவர், ஒட்டுகிறவர் பக்கத்தில் போய் நின்று, எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து எழுதுவார். அதற்காக ஒரு எழுது அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச். தொழிற்சாலை முழுக்க அவருக்குப் பெயரே ஸ்டாப்வாட்ச்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

அவர் வந்து நின்றால் யாருக்கும் பிடிக்காது. ஒரு ஜோடிக்கு இத்தனை நிமிஷம் என்று அவர் எழுதுவதுதான் நாளைக்கு எல்லோர் தலையிலும் விடியும். அதனால் அவர் தலை தெரிந்ததும் தையல் பிரிவில் நூல் அறுந்துபோகும். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டிவரும். நேற்றுவரை பறந்த கை இன்று தூங்கி வழியும். மாமா வாயைத் திறக்க மாட்டார். அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு. வேலை செய்கிறவரின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட்டு அதில் ஒரு எண் போடுவார். இயல்பான வேகம் என்றால் நூறு. வேண்டுமென்றே இழுத்தடித்தால் எழுபது, அறுபது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான நேரம் வந்துவிடும்.

"கை நல்லா நடிக்கும். முழங்கைக்கு நடிக்கத் தெரியாது," என்பார்.

என் அம்மா அவருக்கு அக்கா. மருத்துவமனையில் நர்ஸ். கட்டில் காலில் தொங்கும் அட்டையில் இருக்கிற எண்ணைத் தவிர வேறு எதையும் அம்மா நம்பியதில்லை. எனக்குத் தலை வலிக்கிறது என்றால்கூட, "பத்துக்கு எவ்வளவு வலி?" என்றுதான் கேட்பாள். அப்பா கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பத்து மாதம் அவர் சுவரில் மாட்டிய படம்தான். ஆக, அந்த இரண்டு அறை வீட்டில் அம்மாவும் நானும். அவளுக்கு நான், எனக்கு அவள்.

பள்ளிக்கூடம் முடிகிற வருஷம் வந்தது. கல்லூரிக்குப் போக இரண்டு நுழைவுத் தேர்வுகள் இருந்தன. ஒன்று எங்கள் ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரிக்கு. நூற்றிருபது கேள்வி, நூற்றிருபது நிமிஷம், வட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே ஓட வேண்டியதுதான். இன்னொன்று ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருந்த வரலாற்றுக் கல்லூரிக்கு. ஆறே கேள்வி, மூன்று மணி நேரம், பழைய கடிதமோ வரைபடமோ கொடுத்து யோசித்து எழுதச் சொல்வார்கள். எந்த மகானுபாவர் தீர்மானித்தாரோ, இரண்டும் ஒரே நாள், ஒரே நேரம். ஒன்றைத்தான் எழுத முடியும்.

எனக்கு வரலாறுதான் வேண்டும். ஆனால் அதைச் சொல்வது, "அம்மா, உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன்" என்று சொல்வதுதான். பதினேழு வயதில் அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அம்மாவும் இரு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் வழக்கப்படி எண்ணைத் தேடினாள்.

"டேய், இவளை ரெண்டுக்கும் வெச்சு அளந்து பாரு. எதுல தேறுவாளோ அதை எழுதட்டும். எனக்கு அபிப்பிராயம் வேண்டாம், கணக்கைச் சொல்லு," என்றாள் தம்பியிடம்.

மாமா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சமையலறை மேஜையைத் துடைத்து, பழைய வினாத்தாளை வைத்து, எனக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் ஞாயிறு வட்டம் போடுகிற தேர்வு. உண்மையில் நான் அதில் புலி. வகுப்பில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பவள். அன்றைக்குப் பென்சிலை மூன்று தடவை சீவினேன். சுலபமான கேள்வியை முறைத்துப் பார்த்தேன். நெற்றியைத் தடவினேன். மாமா நேரம் முடிந்தது என்றபோது எழுபத்தொரு கேள்விதான் ஆகியிருந்தது. இழுத்தடிக்கிறவர்களைப் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இழுத்தடித்தேன். வெளியாள் யாரிடமாவது செய்திருந்தால் புத்திசாலித்தனம். வீட்டு மாமா என்பதால் அது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு மற்றது. யாரோ ஒரு வணிகர் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்து, அதிலிருந்து அந்தக் காலத்தைப் பற்றி என்ன தெரிகிறது என்று கேட்டிருந்தார்கள். நிமிர்ந்தபோது மாமா வாட்சைக் கையில் மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மணி நேரம். முடிச்சுட்டே," என்றார்.

அம்மா தாளை வாங்கிக் காய்ச்சல் அட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இந்த மூணாவது கட்டம் என்னடா? எல்லாத்துலயும் நூறுன்னு போட்டிருக்கே?"

"இயல்பான வேகம்கா."

அம்மா வெகுநேரம் தாளைக் கீழே வைக்கவில்லை. பிறகு, "சரி, கணக்கு அப்படித்தான் சொல்லுதுன்னா..." என்று சொல்லி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் குளியலறைக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

வரலாற்றுக் கல்லூரித் தேர்வையே எழுதினேன், கடைசித் தாளைக் கண்காணிப்பாளர் பிடுங்கித்தான் வாங்கினார். இடமும் கிடைத்தது. அந்த ஊரிலேயே படித்து, அங்கேயே ஆவணக் காப்பகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். விடுதியில் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வேன். ஒரு தொழிற்சாலையே ஏமாற்ற முடியாத ஸ்டாப்வாட்ச் கண்ணில் நான் மண்ணைத் தூவினேன் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை.

பன்னிரண்டு வருஷம் கழித்து மாமா ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்துக்கு நானும் போயிருந்தேன். தொழிற்சாலை உணவுக்கூடத்தில் பேச்செல்லாம் முடிந்தபின் தையல் பிரிவில் மூத்த அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மாமா இருக்காரே, சரியான கல்லுளிமங்கன்! இருபது வருஷம் என்னென்னவோ நாடகம் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட நூறு வாங்கினதில்ல. அறுபத்தஞ்சுன்னா அறுபத்தஞ்சுதான். என் புருஷன் செத்த மாசம் கை ஓடல. அதை மட்டும் பார்த்த உடனே தெரிஞ்சுக்கிட்டு, அந்த மாசம் முழுக்க என் பக்கமே வரல."

எனக்குக் கையிலிருந்த தட்டு கனத்தது. நேரே வெளியே போனேன். மாமா சைக்கிள் நிறுத்தத்தில், கிடைத்த மாலையை எப்படிக் கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு நான் வேணும்னேதான் மெதுவா பண்ணேன்."

"அறுபது," என்றார், மாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்பத்தெட்டுன்னுகூடப் போடலாம். பென்சில் சீவறதுல அவ்வளவு மட்டமா நடிச்சவங்களை நான் பார்த்ததில்ல."

"அப்புறம் ஏன் நூறு போட்டீங்க?"

"அந்த நடிப்புக்காக இல்ல. அதுக்கு அறுபதுதான் போட்டிருந்தேன். அடுத்த வாரம்தான் மாத்தினேன்." மாமா மாலையைச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டார். "மூணு மணி நேரம் ஆனதும் ஆச்சுன்னு சொன்னேன். நீ எழுதிக்கிட்டே இருந்தே. ரெண்டாவது தடவை சத்தமா சொன்னேன். உன் காதுல விழல. நான் போய் நின்னா ஒவ்வொருத்தரும் எப்படா நிறுத்தச் சொல்வான்னுதான் காத்திருப்பாங்க. நிறுத்தச் சொல்லியும் கேக்காத ஆளை அன்னைக்குத்தான் பார்த்தேன். பதினோரு நிமிஷம். வாட்சை நிறுத்திட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"ஆனா அக்காவைத் தனியா விட்டது நான்தான், நீ இல்ல," என்றார். "கணக்கை நம்பித்தானே உன்னை அனுப்பினா? அது பொய்க் கணக்கு. அதனாலதான் வேலை முடிஞ்சதும் தினமும் நேரா அங்க போயிடறது."

பன்னிரண்டு வருஷமாக, சமைக்கச் சோம்பல்பட்டு மாமா அம்மாவின் சோற்றில் கை வைக்கிறார் என்று நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அவருக்கு எதிரில் தட்டு வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்வாள். பெருமையடித்து வாங்கிய அத்தனை விடுதிச் சிரிப்பும் அப்போது என் முகத்தில் வந்து அறைந்தது. அத்தனை சைக்கிள்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

"போதும், கண்ணைத் துடை," என்றார் மாமா. "அக்கா எனக்காக இன்னும் சாப்பிடாம உட்கார்ந்திருப்பா. நீயும் வா."